18 வயது குவாட்டர்பேக்குக்கு யார் கற்றுக்கொடுப்பது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் காணாமல் போன ‘முதல் வருடம்’

2018 ஜனவரி 8, அட்லாண்டா. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல். பாதி ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா 13, அலபாமா 0. இரண்டு சீசனாக அலபாமாவை ஃபைனல் வரை கூட்டி வந்த குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, துவா டாகோவைலோவா என்ற முதலாம் ஆண்டு மாணவரை இறக்கினார் கோச் நிக் சேபன். அதற்கு முன் அந்தப் பையன் ஆடியதெல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே ஜெயித்து முடித்த ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள்தான்.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அலபாமா 3 புள்ளி பின்னால். முதல் வாய்ப்பில் டாகோவைலோவா பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் பின்னால் ஓடி, 16 யார்டை இழந்து விழுந்தார். பந்தை வெளியே தூக்கி எறிந்திருந்தால் ஒரு யார்டு கூடப் போயிருக்காது. முதலாம் ஆண்டு பையன்கள் செய்யும் அச்சு அசல் தப்பு அது. அடுத்த வாய்ப்பில், பின்வரிசைக் காவலரைத் தன் பார்வையாலேயே வேறு பக்கம் நிறுத்திவிட்டு, இடது ஓரத்தில் ஓடிய டெவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு வீசினார். 26-23. கோப்பை அலபாமாவுக்கு.

‘19 வயசுப் பையன் செய்த மேஜிக்’ என்று இன்றுவரை இந்த வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால், கண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையை இன்னொரு பக்கம் கொண்டுபோவது மேஜிக் இல்லை. அதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்; பலநூறு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். முந்தைய வாய்ப்பில் செய்த தப்பையோ, நிஜ ஆட்டத்தில் அடி வாங்கினால்தான் திருத்த முடியும். ஒரு இளம் குவாட்டர்பேக்குக்கு இந்த இரண்டுமே வேண்டும்: பயிற்சியில் நேரம், ஆட்டத்தில் தப்பு செய்ய இடம்.

இன்றைய அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பணம் கோடிகளில் புரள்கிறது. ஆனால், இந்த இரண்டையும் 18 வயதுப் பையனுக்குக் கொடுப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், கோச் போர்ட்டலைக் காட்டுகிறார், போர்ட்டல் பணத்தைக் காட்டுகிறது, பணம் அடுத்த கல்லூரியைக் காட்டுகிறது.

இது நம்ம ஃபுட்பால் இல்லை

மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுகிற ஃபுட்பாலை மறந்துவிடுங்கள். இது முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், முட்டி மோதல். ஒரு பக்கத்துக்கு 11 பேர். 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் போவது குவாட்டர்பேக் கைக்கு. அவர் அதை வீசலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். கிரிக்கெட்டில் கேப்டனும் பௌலரும் விக்கெட் கீப்பரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி. அதுவும் நாலைந்து தடியர்கள் அவரை நசுக்க ஓடிவரும்போது.

ஒரு வாய்ப்புக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் 40 விநாடிக் கடிகாரம் ஓடும். 2024 முதல் பெரிய கல்லூரிகளில் கோச்சின் குரல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கிறது. ஆனால், கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ஸ்பீக்கர் அணைந்துவிடும். அதற்கப்புறம் எல்லாம் பையன் பாடு.

அந்த 15 விநாடியில் அவர் என்ன பார்க்கிறார்? எதிரணியின் பின்வரிசையில் ஒரு காவலர் நிற்கிறாரா, இரண்டு பேரா? ஆளுக்கு ஆள் பிடிக்கப் போகிறார்களா, இடத்தைக் காக்கப் போகிறார்களா? யார் தன்மீது பாய வருகிறார்? அதற்கேற்பத் தன் முன்வரிசை ஆட்கள் யாரைத் தடுக்க வேண்டும்? திட்டத்தையே மாற்ற வேண்டுமா? இதெல்லாம் பந்து கைக்கு வரும் முன்பு. வந்த அடுத்த நொடியே எதிரணி தான் காட்டியதற்கு நேர்மாறாக ஓட ஆரம்பிக்கும். ஏமாற்றுவதுதானே அவர்கள் வேலை! குவாட்டர்பேக் மூன்று எட்டோ ஐந்து எட்டோ பின்னால் வைத்து, கடைசிக் கால் தரையைத் தொடும்போது பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஆளைத் தேட வேண்டும். பிடிப்பவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வரப்போகும் இடத்துக்கு வீச வேண்டும். மொத்த நேரம் இரண்டரை, மூன்று விநாடி.

பள்ளியில் இதெல்லாம் தேவையே இருந்திருக்காது. திறமையான பையனுக்குக் கை பலம் போதும், கால் வேகம் போதும். கோடையில் ஆடும் ‘செவன் ஆன் செவன்’ போட்டிகளில் முட்டி மோதும் முன்வரிசையே கிடையாது. யாரும் பாய மாட்டார்கள். பயமில்லாமல் வீசிப் பழகியவனைக் கொண்டுவந்து பயத்துக்கு நடுவில் நிறுத்துவதுதான் கல்லூரியின் முதல் வருடம்.

20 மணி நேரம், மூன்று பேர்

கல்லூரிப் பயிற்சிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம். வசந்த காலத்தில் மொத்தம் 15 பயிற்சி நாள். கூட்டம், வீடியோ, உடற்பயிற்சி எல்லாம் போக மைதானத்தில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஓட்டப்பந்தயக்காரர் என்றால் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். குவாட்டர்பேக் பயிற்சி அப்படி இல்லை. அவரைச் சுற்றி இன்னும் 10 பேர் சொந்த அணியிலும், 11 பேர் எதிரிலும் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வீச முடியும்.

அந்த நேரத்தில் பெரும்பங்கு முதல் ஆளுக்கு. மிச்சம் மீதி இரண்டாவது ஆளுக்கு. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு? அவர்கள் ‘ஸ்கவுட் டீம்’ எனப்படும் போலி அணிக்குப் போவார்கள். அடுத்த வாரம் ஆடப்போகும் எதிரணி மாதிரி நடித்துக் காட்டுவதுதான் அவர்கள் வேலை. உதவி கோச் ஓர் அட்டையில் எதிரணியின் ஆட்டத்தை வரைந்து தூக்கிக் காட்டுவார். பையன் அதைப் பார்த்து வீசுவான். ஒரு வாரம் ஒரு எதிரி, மறு வாரம் வேறொரு எதிரி. சீசன் முழுக்க ஊரான் வீட்டுப் பாடத்தை ஒப்பித்துவிட்டு, தன் சொந்த அணியின் பாடத்தில் ஒரு பக்கம்கூட உரக்கப் படிக்காமல் முடித்த முதலாம் ஆண்டு குவாட்டர்பேக்குகள் ஏராளம்.

இன்னொன்று, பயிற்சியில் குவாட்டர்பேக்குகள் போடுவது தனி நிற ஜெர்சி. ‘தொடாதே’ என்று அர்த்தம். காயம் ஆகக் கூடாது என்பதால் யாரும் இடிக்க மாட்டார்கள். நியாயமான விதிதான். ஆனால், இடிபடப் போகிறோம் என்று தெரிந்தும் கண்ணைக் கீழே இறக்காமல் தூரத்தில் ஓடுபவரையே பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, இந்த வேலையின் உயிரே அதுதான். அதைப் பயிற்சியில் கற்கவே முடியாது.

மூன்றாவது ஆள் எதுக்கு?

‘ஸ்டார்ட்டர் நல்லா இருந்தா போதாதா? மூன்றாவது ஆளுக்கு எதுக்கு இவ்ளோ கவலை?’ என்று கேட்கலாம். 2018-ல் கிளெம்சன் கல்லூரிக்கு நடந்ததே பதில்.

சீசன் தொடங்கும்போது நான்காம் ஆண்டு கெல்லி பிரையன்ட் முதல் ஆள். முதலாம் ஆண்டு டிரெவர் லாரன்ஸ் இரண்டாவது. நான்கு ஆட்டம் முடிந்ததும் லாரன்ஸ்தான் இனி முதல் ஆள் என்று அறிவித்தார்கள். பிரையன்ட் உடனே அணியைவிட்டு விலகினார். அடுத்த ஆட்டம் சிராக்யூஸுடன். லாரன்ஸுக்கு முதல் பாதியிலேயே அடிபட்டது. இறக்க இருந்த ஆள் சேஸ் பிரைஸ். ஒரு வாரம் முன்பு வரை மூன்றாவது வரிசை. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், 94 யார்டு தூரத்தை அணியோடு கடந்து 27-23 என்று ஜெயித்துக் கொடுத்தார். அந்த சீசனில் கிளெம்சன் 15 ஆட்டத்தில் 15 வெற்றி. ஃபைனலில் அலபாமாவை 44-16 என்று நொறுக்கியது. எல்லோருக்கும் லாரன்ஸ் பெயர் தெரியும். அந்தச் சனிக்கிழமை மதியம் பிரைஸ் இல்லையென்றால் அந்தச் சாதனை இல்லை. பிரைஸ் பிறகு டியூக், அப்பலாச்சியன் ஸ்டேட் என்று இடம் மாறித்தான் முதல் ஆள் ஆக முடிந்தது.

ஒரு காலத்தில் ஜூனியர்களுக்கு என்று தனி டீம் இருந்தது

1972 வரை கல்லூரி ஃபுட்பாலில் முதலாம் ஆண்டு மாணவர்கள் மெயின் டீமில் ஆட முடியாது. அதற்குப் பதிலாக அவர்களுக்கென்று ‘ஃபிரெஷ்மேன் டீம்’ இருந்தது. வேறு கல்லூரியின் ஃபிரெஷ்மேன் டீமோடு சில ஆட்டங்கள் ஆடுவார்கள். கேமரா கிடையாது, பெரிய கூட்டம் கிடையாது, ஆனால் நிஜமான ஆட்டம், நிஜமான இடி. 1972-ல் முதலாம் ஆண்டினரும் மெயின் டீமில் ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. கதவைத் திறந்தது. திறமைசாலிகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதோடு ஜூனியர் அணிகள் தேய்ந்து போயின. மெயின் டீமில் இடம் கிடைக்காத பையனுக்கு இருந்த ஆட்டமும் போயிற்று.

மிச்சமிருந்தது ‘ரெட்ஷர்ட்’. ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்தால் அந்த வருடம் கணக்கில் வராது. ஐந்து வருடத்தில் நான்கு சீசன் ஆடலாம். உடம்பு தேற, பாடம் படிக்க, திட்டப் புத்தகத்தை மண்டையில் ஏற்ற ஒரு வருடம். ஜானி மான்செல் 2011 முழுக்க இப்படி உட்கார்ந்துவிட்டு 2012-ல் ஆடி, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார். களத்தில் முதல் சீசனிலேயே அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். மறு வருடம் ஜேமிஸ் வின்ஸ்டன் அதே வழியில் வந்து விருதோடு தேசியக் கோப்பையையும் தூக்கினார்.

2018-ல் இன்னொரு நல்ல விதி வந்தது. ரெட்ஷர்ட் வருடத்திலும் நான்கு ஆட்டம் வரை ஆடலாம். இளம் வீரர்களுக்கு ஆட்ட அனுபவம் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். அந்த விதியை முதலில் பெரிய செய்தியாக்கியது யார் தெரியுமா? மேலே பார்த்த நான்காம் ஆண்டு கெல்லி பிரையன்ட். நான்கு ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டதால் அவருக்கு அந்த வருடம் மிச்சமானது; அதை வைத்து மிசௌரி கல்லூரிக்குப் போய் ஆடினார். ஜூனியருக்குக் கற்றுத்தர போட்ட கதவு, சீனியர் வெளியேறும் கதவானது. பிரையன்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி இருந்தது, பயன்படுத்தினார்.

பொறுமை இல்லாதவர்கள் யார்?

அதே 2018 அக்டோபரில்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல். 2021-ல், முதல் முறை மாறுபவர் ஒரு வருடம் உட்காரத் தேவையில்லை என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றார்கள். 2024-ல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

இதற்கு வழக்கமாக வரும் புலம்பல்: ‘இந்தக் காலப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை. ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்தால் ஓடிப்போகிறார்கள்.’

கொஞ்சம் பொறுங்கள். ஓக்லஹோமா கதையைப் பார்க்கலாம். நெட்ஃப்ளிக்ஸில் பள்ளி குவாட்டர்பேக்குகளைப் பற்றிய ‘கியூபி ஒன்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு ஸ்பென்சர் ராட்லரைத் தெரிந்திருக்கும். பள்ளியிலேயே நட்சத்திரம். 2021 சீசன் தொடங்கும்போது ஹைஸ்மன் விருதுக்கு முன்னணியில் பேசப்பட்ட பெயர். செப்டம்பரில் சில தப்புகள். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் அவருக்குப் பதில் முதலாம் ஆண்டு கேலப் வில்லியம்ஸை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். அக்டோபரில் டெக்சாஸ் அணியிடம் 28-7 என்று பின்தங்கியிருந்தபோது வில்லியம்ஸ் இறங்கினார்; ஓக்லஹோமா 55-48 என்று ஜெயித்தது. ராட்லரின் ஓக்லஹோமா வாழ்க்கை அன்றே முடிந்தது. சில வாரங்களில் கோச் லிங்கன் ரைலியும் வேலையை விட்டுவிட்டு சதர்ன் கலிஃபோர்னியா கல்லூரிக்குப் போனார். பின்னாலேயே வில்லியம்ஸும் போய், 2022-ல் ஹைஸ்மன் வாங்கினார். ராட்லர் சவுத் கரோலினா போனார். 2024-ல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் வில்லியம்ஸ் முதல் ஆள், ராட்லர் 150-வது ஆள்.

இதில் முதலில் பொறுமை இழந்தது யார்? ரசிகர்கள். அப்புறம் கோச். பையன்கள் கடைசியில்தான். 2024 ஜனவரியில் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அவரை நம்பி அதே மாதம்தான் ஜூலியன் சேயின் என்ற இளம் குவாட்டர்பேக் அலபாமாவில் சேர்ந்திருந்தார். அவர் ஓஹையோ ஸ்டேட்டுக்கு மாறினார். மாறாமல் என்ன செய்வது? மிச்சிகனில் பிரைஸ் அண்டர்வுட், 18 வயது நிறைந்த அதே மாதம், 2025 ஆகஸ்ட்டில், முதல் ஆட்டத்திலேயே முதல் ஆளாக இறக்கப்பட்டார். மறு வாரம் ஓக்லஹோமாவிடம் 24-13 தோல்வி. அந்த டிசம்பரில் அவரைச் சேர்த்த தலைமை கோச் வேலையில் இல்லை. கற்றுக்கொடுப்பவர் நிலையாக இல்லாத வகுப்பில் மாணவன் மட்டும் நிலையாக உட்கார வேண்டும் என்று கேட்பது அநியாயம்.

பணம் வந்ததும் தப்பில்லை. பல்லாண்டு காலம் கோச்சுகள் கோடிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு இஷ்டப்பட்ட கல்லூரிக்குத் தாவினார்கள். வீரர்கள் மாறினால் ஒரு வருடம் தண்டனை மாதிரி உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு யாரும் ஏங்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். வளர்த்தெடுப்பதைவிட வாங்குவது சுலபமாகிவிட்டது. வேறொரு கல்லூரியில் இரண்டு வருடம் அடி வாங்கித் தேறிய குவாட்டர்பேக்கை ஜனவரியில் பணம் கொடுத்துக் கூட்டி வரலாம் என்றால், சொந்தப் பையனுக்கு அந்த அடிகளைத் தன் கணக்கில் வாங்கிக் கொடுக்க எந்த கோச் முன்வருவார்? ஐந்து ஆட்டம் தோற்றால் அவர் வேலையே போய்விடும். யாராவது ஒரு கல்லூரி பயிற்சிச் செலவை ஏற்க வேண்டும். ஆனால் பலன் அடுத்த கல்லூரிக்குப் போகும். ஐ.டி. கம்பெனிகளில் ஃபிரெஷரை எடுத்து டிரெயினிங் கொடுப்பதா, மூன்று வருட அனுபவசாலியை எடுப்பதா என்ற அதே கணக்குதான். எல்லோரும் அனுபவசாலியையே தேடினால், அனுபவம் எங்கே உற்பத்தியாகும்?

95 பந்துகள்

ஆர்ச் மேனிங் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஃபுட்பால் ராஜ குடும்பம். பெய்ட்டன் மேனிங்கும் ஈலை மேனிங்கும் சித்தப்பாக்கள். எல்லோரும் சொல்கிற அறிவுரையை அவர் அப்படியே கேட்டார். டெக்சாஸ் கல்லூரியில் 2023-ல் ரெட்ஷர்ட், 2024-ல் குவின் யூவர்ஸுக்குப் பின்னால் இரண்டாவது ஆள். போர்ட்டல் பக்கமே போகவில்லை. 2025-ல் அவர் முதல் ஆள், டெக்சாஸ் நாட்டின் நம்பர் ஒன் அணி என்ற எதிர்பார்ப்போடு சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் ஓஹையோ ஸ்டேட்டுடன். 30 பந்து வீசி 17 சேர்ந்தன; 14-7 தோல்வி. அன்று இரவே ‘ஓவர்ஹைப்’ என்று மீம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு வருடக் கல்லூரி வாழ்க்கையில் அதுவரை அவர் ஆட்டத்தில் வீசியது மொத்தம் 95 பந்து. முதல் ஆளாக இறங்கியது இரண்டே ஆட்டம், அதுவும் யூவர்ஸுக்குக் காயம் ஆனதால். காத்திருந்தார், சரி. ஆனால் காத்திருப்பது வேறு, கற்பது வேறு. பெஞ்சில் உட்கார்ந்தால் தானாக ஞானம் வரும் என்று நினைப்பவர்களுக்கு அந்த இரவு ஒரு நல்ல சாட்சி.

ஜோ பரோ கதையும் இங்கே இடிக்கும். ஓஹையோ ஸ்டேட்டில் மூன்று வருடம். வீசியது மொத்தம் 39 பந்து. பட்டம் வாங்கிக்கொண்டு 2018-ல் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். முதல் சீசனில் 16 டச்டவுன், சுமார் ரகம். அதே கல்லூரி, அதே தலைமை கோச், இரண்டாவது சீசனில் ஜோ பிரேடி என்ற இளம் உதவி கோச் கொண்டுவந்த புதிய வீச்சு முறை. விளைவு: 60 டச்டவுன், 15-0, ஹைஸ்மன், டிராஃப்டில் முதல் ஆள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது முதல் ஆளாக ஆடிய ஒரு முழு சீசன். அந்தச் சுமாரான வருடத்தைப் பொறுத்துக்கொண்டதுதான் லூசியானா ஸ்டேட் செய்த புத்திசாலித்தனம். இன்றைக்கு 16 டச்டவுன் போட்டவருக்கு மேலே, அந்த ஜனவரியிலேயே ஒரு புது ஆளை வாங்கியிருப்பார்கள்.

எண்ணிக்கையும் கொஞ்சம் பேசுகிறது. மிட்செல் டிருபிஸ்கியும் ஆன்டனி ரிச்சர்ட்சனும் கல்லூரியில் முதல் ஆளாக ஆடியது தலா 13 ஆட்டம். ஒருவர் டிராஃப்டில் 2-வது, மற்றவர் 4-வது. இருவருமே என்.எஃப்.எல்-லில் தடுமாறினார்கள். இன்னொரு பக்கம் போ நிக்ஸ் 61 ஆட்டம், ஜெய்டன் டேனியல்ஸ் 55 ஆட்டம். இருவரும் முதலாம் ஆண்டிலேயே இறக்கப்பட்டு, நிறையத் திட்டு வாங்கி, வேறு கல்லூரி மாறி, கோவிட் தந்த கூடுதல் வருடத்தையும் பயன்படுத்தி வந்தவர்கள். என்.எஃப்.எல்-லில் முதல் சீசனிலேயே தங்கள் அணிகளை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். அதற்காக ‘அதிக ஆட்டம் ஆடினால் வெற்றி’ என்று சூத்திரம் போட்டுவிட முடியாது. நன்றாக ஆடுபவரைத்தானே கோச் தொடர்ந்து ஆட வைப்பார்? கேம் நியூட்டன் பெரிய கல்லூரியில் முதல் ஆளாக ஆடியது ஒரே சீசன்தான், அவர் என்.எஃப்.எல்-லின் மதிப்புமிக்க வீரர் விருதே வாங்கினார். ஆனாலும் விதிவிலக்குகளை நம்பி ஒரு தலைமுறையை வளர்க்க முடியாது.

வாசல் இன்னும் குறுகுகிறது

2025-ல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது, அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதை ஏற்கும் கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் உச்ச வரம்பு. இதற்கு முன் ஸ்காலர்ஷிப்புக்குத்தான் 85 என்று வரம்பு; சொந்தச் செலவில் சேரும் ‘வாக்-ஆன்’ மாணவர்கள் அதற்கு மேல் தாராளமாக இருந்தார்கள். பேக்கர் மேஃபீல்ட் அப்படி வந்தவர்தான். டெக்சாஸ் டெக்கில் வாக்-ஆன், ஓக்லஹோமாவிலும் வாக்-ஆன், 2017-ல் ஹைஸ்மன், 2018 டிராஃப்டில் முதல் ஆள். வரம்பு 105 என்று வந்த பிறகு, நான்காவது குவாட்டர்பேக்குக்கு ஓர் இடம் ஒதுக்க எந்த கோச்சுக்கு மனசு வரும்?

இதையெல்லாம் ‘விளையாட்டுப் பிரச்சினை’ என்று தள்ளிவிடவும் முடியாது. இவர்கள் மாணவர்கள். நான்கு வருடத்தில் மூன்று கல்லூரி மாறுபவரின் பாடங்கள் எல்லா இடத்திலும் அப்படியே கணக்கில் ஏறாது. என்.எஃப்.எல். போகிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. மற்றவர்கள் கையில் மிஞ்ச வேண்டியது பட்டம். கற்றுக்கொள்ளாத குவாட்டர்பேக்காகவும் முடிக்காத மாணவனாகவும் ஒருவன் 22 வயதில் வெளியே வருவதுதான் இதில் நிஜமான இழப்பு.

என்ன செய்யலாம்?

மாறும் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது. செய்ய வேண்டியது, இருக்கிற இடத்தில் கற்க வழி செய்வது. காசு கொடுக்க ஆரம்பித்துவிட்ட கல்லூரிகள் முதலாம் ஆண்டு குவாட்டர்பேக்கோடு இரண்டு வருட ஒப்பந்தம் போடட்டும். அவனைச் சேர்த்த கோச் நடுவில் வெளியேறினால் பையனும் விரும்பினால் வெளியேறலாம் என்ற வரியோடு. பழைய ஃபிரெஷ்மேன் ஆட்டங்களை, சீசனில் ஒரு மூன்றாவது, திரும்பக் கொண்டு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானம், டிக்கெட் வேண்டாம், டிவி வேண்டாம். அது கனவு என்றால், குறைந்தபட்சம் வசந்த காலத்தில் பக்கத்துக் கல்லூரியோடு ஒரு பயிற்சி ஆட்டமாவது. என்.எஃப்.எல். அணிகள் சீசனுக்கு முன் ஒத்திகை ஆட்டங்கள் ஆடுகின்றன. 30 வயது வீரர்களுக்குக் கிடைக்கும் ஒத்திகை 18 வயதுக்காரனுக்குக் கிடையாது. 2025 மார்ச்சில் கொலராடோ கோச் டியான் சாண்டர்ஸ் சேர்ந்து பயிற்சி செய்யலாம் என்று கேட்க, சிராக்யூஸ் கோச் ஃபிரான் பிரவுன் ‘வர்றோம்’ என்றார். அனுமதி கேட்டார்கள். என்.சி.ஏ.ஏ. மறுத்துவிட்டது.

அதே வசந்தத்தில் வேறொன்றும் நடந்தது. 15 நாள் பயிற்சி முடிவில் சொந்த அணியையே இரண்டாகப் பிரித்து ரசிகர்கள் முன் ஆடும் ‘ஸ்பிரிங் கேம்’ பல கல்லூரிகளில் ஊர்த் திருவிழா மாதிரி. நெப்ராஸ்காவில் பல்லாயிரம் பேர் வருவார்கள். 2025-ல் அந்த வழக்கமான ஆட்டத்தை நெப்ராஸ்கா நிறுத்தியது. கோச் மேட் ரூல் சொன்ன காரணம்: முந்தைய ஆண்டு ஆட்டம் டிவியில் போனது, அதைப் பார்த்து மற்ற கல்லூரிகள் எங்கள் பையன்களைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். டெக்சாஸும் அந்த ஆண்டு ஸ்பிரிங் கேம் நடத்தவில்லை. இப்போது டிரான்ஸ்ஃபர் வாய்ப்பை ஜனவரியில் மட்டும் என்று 2026 முதல் மாற்றிவிட்டார்கள். ஏப்ரலில் பையன்களைக் கொத்திக்கொண்டு போக வழியில்லை. நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்க இனி சாக்கு ஏதும் கிடையாது. மூன்றாவது வரிசை குவாட்டர்பேக்குக்கு, தன் சொந்த அணியின் திட்டத்தை, நிஜமான கூட்டத்துக்கு முன்னால் ஆடிப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த சனிக்கிழமை அது.